ஓயாமல் பாடி, பேசும் குழந்தையோடு வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயதுவரை உள்ள குழந்தை, கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தால் அந்த வீட்டில் எழும் கேள்விகள் இவை. என் மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. திருச்சியில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் நானும் கணவரும் மாமியாரும் அவளோடு இருக்கிறோம். மற்ற பெற்றோர் என்னிடம் கேட்டவை, நான் குழந்தை மருத்துவரிடமும் பெரியவர்களிடமும் கேட்டவை, தேடிப் படித்தவை எல்லாம் கலந்து இங்கே இருக்கின்றன. எல்லா பதிலுக்கும் அடியில் ஒரு எண்ணம் இருக்கிறது: குழந்தை பேசுவதில் ஒரு பகுதி நம்மிடம் பேசுவது, இன்னொரு பகுதி தனக்காகப் பேசுவது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் குழந்தைக்கும் நல்லது, நமக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

இவ்வளவு பேசுவது சாதாரணம்தானா?

சாதாரணம்தான். ஒரு வயதை ஒட்டி முதல் சொற்கள் வரும். இரண்டு வயதில் "பால் வேணும்", "அப்பா போச்சு" என்று இரண்டு சொற்களைச் சேர்க்கும். மூன்று வயதில் மூன்று நான்கு சொற்கள் கொண்ட வாக்கியங்கள் வந்துவிடும், வெளியாட்களுக்கும் பெரும்பகுதி புரியும். இதற்கு நடுவே ஒரு சில மாதங்களில் சொற்கள் மளமளவென்று பெருகும். கற்ற ஒவ்வொன்றையும் உடனே சொல்லிப் பார்க்காமல் குழந்தையால் இருக்க முடியாது. நடை பழகும் குழந்தை விழுந்து எழுந்து நடந்துகொண்டே இருக்குமே, அதைப் போன்றதுதான் இதுவும். குழந்தைக்குக் குழந்தை அளவு மாறும். அதே வயதுப் பக்கத்து வீட்டுக் குழந்தை அமைதியாக விளையாடுகிறது என்பதால் உங்கள் குழந்தையிடம் குறை இருப்பதாக ஆகாது.

பக்கத்தில் யாருமே இல்லை, அப்போதும் தனக்குத் தானே பேசுகிறாள். ஏன்?

இந்தக் கேள்வியைத்தான் பலர் கொஞ்சம் பயத்தோடு கேட்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. சொப்புச் சாமானை வைத்துக்கொண்டு "இப்ப தண்ணி ஊத்தணும்... மெதுவா... சிந்தக் கூடாது..." என்று சொல்லிக்கொண்டே ஊற்றுகிற குழந்தையைக் கவனித்துப் பாருங்கள். அவள் யாருக்கும் சொல்லவில்லை. தன் கைக்குத் தானே சொல்கிறாள்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920களில் இதைக் கவனித்து எழுதினார். மற்றவர் பார்வையில் நின்று பார்க்கத் தெரியாத வயதின் அடையாளம் என்றும், வளர்ந்ததும் மறைந்துவிடும் என்றும் நினைத்தார். ரஷ்யாவின் லெவ் வைகாட்ஸ்கி 1930களில் அதை மறுத்தார். இந்தப் பேச்சு மறைவதில்லை, உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்றார். கடினமான வேலை வரும்போது குழந்தை தனக்குத் தானே அதிகம் பேசுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் வைகாட்ஸ்கியின் பக்கமே நிற்கின்றன. நாமும் சாவியைத் தேடும்போது "எங்க வச்சேன்... ஃப்ரிட்ஜ் மேலயா..." என்று முணுமுணுக்கிறோம். குழந்தைக்கு அதை மனதுக்குள் வைத்துக்கொள்ள இன்னும் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் குழந்தை தனக்குள் பேசிக்கொண்டு விளையாடும்போது நடுவில் புகுந்து "என்னடா தங்கம் சொல்றே?" என்று கேட்காதீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை நாம்தான் நிறுத்துகிறோம்.

சொல்வதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமா? சொல்லாவிட்டால் வளர்ச்சி பாதிக்குமா?

எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல யாராலும் முடியாது, தேவையும் இல்லை. குழந்தையோடு பேசுவது அதன் மொழிக்கு நல்லது என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அது உண்மை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஓயாமல் பதில் சொல்லி ஓய்ந்துபோகிற அம்மாக்களை நான் பார்க்கிறேன். பேச்சின் அளவைவிட மாறி மாறிப் பேசுவதுதான் குழந்தைக்கு உதவுகிறது. அது ஒன்று சொல்ல, நாம் ஒன்று சொல்ல, அது மறுபடி ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப் பத்து நிமிடம் முழுக் கவனத்தோடு பேசுவது, கைபேசியைப் பார்த்தபடியே "ம்... ம்..." என்று நாள் முழுக்கச் சொல்வதைவிட எவ்வளவோ மேல்.

எது நம்மிடம் பேசுவது, எது தனக்காகப் பேசுவது என்று எப்படித் தெரியும்? முகத்தைப் பாருங்கள். நம்மிடம் பேசும்போது குழந்தை நம் முகத்தைத் தேடும், கூப்பிடும், முந்தானையை இழுக்கும், ஏதாவது பொருளைத் தூக்கிக் காட்டும், சொல்லிவிட்டு நிறுத்திக் காத்திருக்கும். அந்த நிறுத்தம்தான் முக்கியமான அடையாளம். தனக்காகப் பேசும்போது கண் பொம்மைமேல் இருக்கும், குரல் தாழ்ந்திருக்கும், நம் பதிலுக்கு நிற்காமல் பேச்சு ஓடும். பாட்டும் அப்படித்தான். சில நேரம் நம்மையும் சேர்ந்து பாடச் சொல்லும், சில நேரம் தன் காதுக்காக மட்டும் பாடும்.

நம்மிடம் பேசும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கேள்வி கேட்டுவிட்டு அல்லது பதில் சொல்லிவிட்டு ஐந்து வினாடியாவது சும்மா இருங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அடுத்த வாக்கியத்தைக் கோக்க நேரம் வேண்டும். நாம் அவசரப்பட்டு அதன் வாக்கியத்தை முடித்துவிடுகிறோம். அப்புறம், அது சொன்னதை எடுத்து இன்னும் ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். "நாய் போச்சு" என்றால் "ஆமா, கறுப்பு நாய் தெருவுல ஓடிப் போச்சு" என்றால் போதும். இதற்குப் பாடத்திட்டமும் வேண்டாம், படம் போட்ட அட்டைகளும் வேண்டாம்.

பதில் சொல்ல முடியாத நேரத்தில் கேட்காதது போல இருப்பதுதான் தவறாகிறது. குழந்தை குரலை உயர்த்துவது அப்போதுதான். "கேட்டுச்சு கண்ணு. அடுப்புல வேலை முடிச்சிட்டு வந்து பேசறேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் பாதி நேரம் அடங்கிவிடும். ஆனால் "அப்புறம்" என்றால் எப்போது என்று அந்த வயதுக்குப் புரியாது. கண்ணால் பார்க்கிற, காதால் கேட்கிற ஒன்றைச் சொல்லுங்கள். "குக்கர் மூணு விசில் அடிச்சதும்" என்றால் எங்கள் வீட்டில் அவளும் விசிலை எண்ணுவாள். சொன்னபடி மூன்றாவது விசிலுக்கு நீங்கள் வந்து உட்கார வேண்டும். இரண்டு முறை ஏமாற்றினால் இந்த வழி செத்துவிடும்.

ஒரே பாட்டை நாள் முழுக்கப் பாடுகிறான். மாற்ற முடியாதா?

மாற்ற வேண்டாம். திரும்பத் திரும்பப் பாடுவதில்தான் குழந்தை கற்கிறது. கவனித்தால், நமக்கு ஒரே பாட்டாகக் கேட்பது அவனுக்கு ஒவ்வொரு நாளும் வேறாக இருக்கும். முதலில் நாம் பாடும்போது வரியின் கடைசிச் சொல்லை மட்டும் சேர்த்துச் சொல்வான். பிறகு சொற்களும் தாளமும் பிடிபடும். மெட்டின் ஏற்ற இறக்கம் அதற்குப் பின்னால் வரும். சுருதி சரியாக நிற்பது கடைசியில்தான், பல குழந்தைகளுக்கு அது பள்ளி வயதில்தான் அமைகிறது. நடுவே ஒரு கட்டத்தில் நிலாப் பாட்டின் மெட்டில் காக்காப் பாட்டின் சொற்களைப் போட்டு, அதில் தன் பெயரையும் தோசையையும் சேர்த்துப் பாடுவான். இது குழப்பம் இல்லை. தானே பாட்டுக் கட்டுகிறான். என் மகள் குளிக்கும்போது கட்டுகிற சோப்புப் பாட்டுகளுக்கு ஆரம்பமும் கிடையாது முடிவும் கிடையாது, ஆனால் தாளம் தவறாது.

நம் காதுக்கு மாற்றம் வேண்டுமென்றால் பாட்டை நிறுத்தாமல் பாடும் விதத்தை மாற்றலாம். "இப்ப எறும்பு பாடற மாதிரி பாடு" என்றால் குரல் தானாக இறங்கும். "யானை நடக்கற மாதிரி மெதுவாப் பாடு" என்றால் வேகம் குறையும். குரலைக் கட்டுப்படுத்தும் பயிற்சியும் இதிலேயே இருக்கிறது. வெறுமனே "மெதுவா பேசு" என்றால் இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது.

கை தட்டும், உடம்பை அசைக்கும் பாட்டுகளைக் கூடுதலாகக் கொடுங்கள். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையில் குழந்தை கை தட்டுவதைச் சப்பாணி என்று ஒரு பருவமாகவே வைத்திருக்கிறார்கள். கை வீசும் பாட்டு, சாய்ந்தாடும் பாட்டு, விரலை ஒவ்வொன்றாக மடக்கிச் சொல்லும் பாட்டு எல்லாம் பாட்டிகளிடம் இன்னும் இருக்கின்றன. என் மாமியாருக்குத் தெரிந்த பல பாட்டுகளை நான் எங்கேயும் அச்சில் பார்த்ததில்லை. குழந்தை சின்னதாக இருக்கும்போதே அவற்றைப் பாட்டிகளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

நன்றாகப் பாடுகிறாள். இப்போதே பாட்டு வகுப்பில் சேர்க்கலாமா?

மூன்று வயதில் முறையான வகுப்பு அவசியமில்லை. சேர்ந்து பாட வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். உங்களுக்குக் குரல் சரியில்லை என்று தயங்க வேண்டாம். குழந்தை அதைப் பார்ப்பதே இல்லை.

சினிமாப் பாட்டில் கேட்ட பொருந்தாத சொல்லையும், வீட்டில் கேட்ட கெட்ட வார்த்தையையும் பாடுகிறானே?

பொருள் தெரிந்து சொல்வதில்லை. ஓசை பிடித்திருக்கிறது, அல்லது சொன்னதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தது பிடித்திருக்கிறது. சிரித்தாலும் அதட்டினாலும் அது திரும்ப வரும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் வேறு பாட்டை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் சில நாளில் மறைந்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டு ரசிப்பதை மட்டும் உறுதியாக நிறுத்த வேண்டியிருக்கும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டே இருக்கிறாள். தூக்கம் கெடாதா?

படுத்தபின் வரும் பேச்சு தனி வகை, கேட்கக் கிடைத்தால் கேளுங்கள். ரூத் வெய்ர் என்ற மொழியியலாளர் தன் இரண்டரை வயது மகன் தூங்குவதற்குமுன் தனியாகப் பேசியதை ஒலிநாடாவில் பதிந்து 1962இல் நூலாக வெளியிட்டார். பையன் ஒரு சொல்லை எடுத்து, அதற்கு ஒத்த ஓசையுள்ள சொற்களை அடுக்கி, வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறான். யாரும் சொல்லித் தராமல் தானே இலக்கணப் பயிற்சி செய்திருக்கிறான். கேத்தரின் நெல்சன் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு பெண் குழந்தையின் படுக்கைப் பேச்சை ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார்கள். அந்தக் குழந்தை அன்று நடந்ததையும் மறுநாள் நடக்கப்போவதையும் தனக்குத் தானே சொல்லி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

தமிழ்க் குழந்தைகளிடமும் இதைக் கேட்கலாம். என் மகள் ஒரு காலத்தில் "பாத்தேன், பாத்தேன், உக்காத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பார் என்பது பாத்தேன் ஆகிறதென்றால் உக்கார் என்பது உக்காத்தேன்தானே ஆக வேண்டும்! விதியை அவளே கண்டுபிடித்திருக்கிறாள், அதற்கு விலக்கு உண்டு என்பது மட்டும் அப்போது தெரியவில்லை. திருத்த வேண்டியிருக்கவில்லை, பிறகு தானே உக்காந்தேன் என்று மாறிவிட்டது.

எனவே கால் மணி, அரை மணி பேசிவிட்டுத் தூங்கினால் விட்டுவிடலாம். ஒன்று இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கம் உட்பட 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் பேச்சை அடக்காமல் இன்னும் சீக்கிரமாகப் படுக்கவையுங்கள், பிற்பகல் தூக்கம் மாலைவரை நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் பேசும் குழந்தைக்கு நாம் பதில் சொல்ல ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும், அதனால் பக்கத்தில் படுத்திருந்தாலும் பேசாமல் இருங்கள்.

சாப்பிடும்போதும் பாடுகிறான். அதையும் விட்டுவிடலாமா?

கூடாது. குழந்தையின் பேச்சை நான் கண்டிப்பாக நிறுத்துவது இந்த ஓர் இடத்தில்தான். வாயில் உணவை வைத்துக்கொண்டு பாடும்போதும் சிரிக்கும்போதும் மூச்சை உள்ளே இழுத்தால் உணவு மூச்சுக்குழாய்க்குப் போகலாம். வேர்க்கடலை, வறுத்த பட்டாணி, முந்திரி போன்ற கெட்டியான பருப்புகளை முழுசாக ஐந்து வயதுவரை கொடுக்காமல் இருப்பது நல்லது. அரைத்தோ பொடித்தோ கொடுக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள். தேங்காய்ச் சில்லு, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் வேண்டாம். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், ஓடிக்கொண்டு கூடாது. "வாய் காலியானதும் பாட்டு" என்று ஒரே சொற்றொடரைத் தினமும் சொன்னால் பழகிவிடுவார்கள்.

புரையேறி இருமினால் இருமவிடுங்கள், அதுவே வெளியே தள்ளும். சத்தமே வராமல், இருமவும் முடியாமல் முகம் மாறினால் உடனே முன்பக்கமாகக் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளியே வராவிட்டால், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால் பின்னால் இருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையை மூடி வைத்து, மற்றொரு கையால் அதைப் பிடித்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் தேடாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். இதை எழுத்தில் படித்ததோடு நிறுத்தாமல், ஒரு முதலுதவிப் பயிற்சியில் கையால் செய்து பார்த்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். அழைப்பில் இருக்கும்போதுதான் அவளுக்குப் பேச்சு வருகிறது.

நாம் வேறு யாரிடமோ பேசும்போது நம் குரல் கேட்கிறது, ஆனால் கவனம் கிடைக்கவில்லை. குழந்தைக்கு அது புரியாத நிலை. அழைப்புக்கு முன்னால் பத்து நிமிடம் முழுதாக அவளோடு உட்கார்ந்தால் பிறகு வரும் தொந்தரவு நன்றாகக் குறைகிறது. வேலை நேரத்துக்கென்று மட்டும் ஒரு பையில் சில விளையாட்டுப் பொருள்களைத் தனியே வைத்து, முடிந்ததும் எடுத்து உள்ளே வையுங்கள்.

மூன்று வயதை நெருங்கும் குழந்தைக்கு இன்னொன்று கற்றுக்கொடுக்கலாம். பேச வேண்டும் என்றால் நம் கைமேல் கையை வைக்க வேண்டும். நாம் அந்தக் கையின்மேல் நம் கையை வைப்போம். "தெரிஞ்சுது, முடிச்சிட்டு உன்கிட்டதான் வரேன்" என்று அதற்குப் பொருள். ஆரம்பத்தில் ஒரு நிமிடத்துக்குமேல் காத்திருக்க வைக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் எந்த வழியும் அரை மணிக்குமேல் தாங்காது. வேறொரு பெரியவர் பொறுப்பெடுத்தே ஆக வேண்டும். அது அம்மாவின் திறமைக் குறைவு என்று வீட்டில் யாரும் பேச விடாதீர்கள்.

ரயிலில், கல்யாண வீட்டில், மருத்துவமனையில் என்ன செய்வது?

ரயிலிலும் பேருந்திலும் பகலில் பாடினால் பாடட்டும், பெரும்பாலான பயணிகள் சேர்ந்து பேசத்தான் செய்கிறார்கள். இரவில் விளக்கு அணைத்தபின் கதை சொல்லும் குரலைக் காதருகே கொண்டுபோய்க் கிசுகிசுப்பாகச் சொன்னால் குழந்தையும் கிசுகிசுக்கும். நம் குரல் இறங்கினால் அதன் குரலும் இறங்கும். மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போகும் முன்பே "அங்க எறும்புக் குரல்" என்று சொல்லிவைக்க வேண்டும், போனபின் சொன்னால் நேரம் கடந்துவிடும். திரையரங்கு இந்த வயதுக்கு ஏற்ற இடம் இல்லை, சத்தம் அதன் காதுக்கும் ஆகாது.

அப்புறம், கூட்டத்தில் "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று நிறுத்திவைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். தனக்காகப் பாடுகிற குழந்தை பிறருக்காகப் பாட மறுத்தால் அது அடம் இல்லை.

"வாயாடி", "தொணதொணப்பு" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டிலும் சங்கடப்படுகிறார்கள்.

குழந்தையின் காதுபட அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். "இப்பதான் அத்தை பேசக் கத்துக்கறா, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்று குழந்தையை அவர்களிடமே விட்டுவிட்டால் பல நேரம் அவர்களும் அதில் இறங்கிவிடுகிறார்கள். பெண் குழந்தைகள்தான் இந்தப் பெயரை அதிகம் கேட்கிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது. பையன் பேசினால் கெட்டிக்காரன், பெண் பேசினால் வாயாடி என்ற வழக்கம் இந்தத் தலைமுறையோடு நிற்க வேண்டும்.

பக்கத்து வீட்டார் சொல்வது நியாயமாக இருக்கலாம். அவர்களிடம் எந்த நேரம் கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். அதிகாலை, பிற்பகல் இரண்டு மணி, இரவு ஒன்பதுக்குமேல் என்று குறிப்பான நேரங்கள்தான் பெரும்பாலும் வரும். அந்த நேரத்தில் பொதுச் சுவரை ஒட்டிய அறையைத் தவிர்த்தாலே போதும். பேட்டரி பொம்மைகளின் சத்தம் குழந்தையின் குரலைவிட எரிச்சலூட்டும். ஒலி வரும் ஓட்டைமேல் நல்ல தடித்த டேப்பை ஒட்டிவிடுங்கள்.

எனக்குத் தலை வலிக்கிறது. சில நேரம் கத்திவிடலாம் போல இருக்கிறது. நான் கெட்ட அம்மாவா?

இல்லை. இடைவிடாத சத்தம் யாருக்கும் களைப்பைத் தரும். தூக்கமும் குறைவாக இருந்தால் இரண்டு மடங்கு தரும். அன்பு குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

முதலில் மற்ற சத்தங்களைக் குறையுங்கள். யாரும் பார்க்காமல் ஓடும் தொலைக்காட்சி, சமையலறை எஃப்எம், கைபேசி அறிவிப்புகள் எல்லாம் சேர்ந்துதான் தலையில் ஏறுகின்றன. பின்னால் தொலைக்காட்சி ஓடும்போது குழந்தையும் அதைத் தாண்டிக் குரலை உயர்த்துகிறது. நிறுத்திவிட்டால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். குழந்தையை வெளியே அழைத்துப் போங்கள். நான்கு சுவருக்குள் முட்டும் குரல், காவிரிக் கரையிலோ தெருமுனைப் பூங்காவிலோ நம்மை முட்டுவதில்லை. மென்மையான நுரைக் காதடைப்பான் போட்டுக்கொண்டாலும் தவறில்லை. குழந்தை கூப்பிடுவது கேட்கும், கூர்மை மட்டும் குறையும். வேறு பெரியவர் இல்லாதபோது இரண்டு காதிலும் போட வேண்டாம்.

"அம்மா காது கொஞ்ச நேரம் ஓய்வு எடுக்குது" என்று குழந்தையிடமே சொல்லலாம். அதன்மேல் குற்றம் சொல்லாமல் நம் நிலையைச் சொல்கிறோம், இரண்டரை வயதுக்கு அது புரிய ஆரம்பிக்கும். "வாயை மூடு" என்பது அப்படிப்பட்ட பேச்சு இல்லை. அதைக் கேட்ட குழந்தை நம்மிடம் பேசுவதைத்தான் முதலில் குறைக்கும்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் காது ஓயும் நேரம் தினமும் இருக்க வேண்டும். அப்பா வந்ததும் ஒரு மணி நேரம் குழந்தை அவரோடு என்று எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் நான் எந்த வீட்டு வேலையும் செய்வதில்லை. வேலை செய்தால் அது ஓய்வு ஆகாது. கோபம் அடங்காமல் அடித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தாலும், நாள் கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை வந்தாலும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் அழைக்கலாம்.

மழலையைத் திருத்த வேண்டுமா?

"தப்பு, சரியாச் சொல்லு" என்று திருத்த வேண்டாம். க வராத குழந்தை காக்காவைத் தாத்தா என்னும். ர, ற, ழ போன்றவை தாமதமாகத்தான் படியும். ரயில் லயிலாகவும் பழம் பயமாகவும் சில காலம் இருக்கும். நீங்கள் "ஆமா, ரயில் வருது" என்று இயல்பாகச் சரியான ஒலியில் சொன்னால் போதும். பூவா, தாச்சி, உம்மாச்சி போன்ற வீட்டுச் சொற்களால் கெடுதி ஏதுமில்லை, தாராளமாகப் பேசுங்கள். அவற்றோடு சோறு, தூக்கம், சாமி என்பதும் காதில் விழட்டும்.

பேசும்போது திக்குகிறான். "நா நா நா நானு" என்கிறான்.

இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் பல குழந்தைகளுக்கு இது வரும், எண்ணம் வேகமாக ஓட வாய் பின்தங்குகிறது. பெரும்பாலும் தானே போய்விடும். "மெதுவா சொல்லு", "மூச்சு விட்டுச் சொல்லு" என்று சொல்லாதீர்கள். உங்கள் பேச்சின் வேகத்தைக் குறைத்து, அவன் முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். ஆறு மாதத்துக்குமேல் நீடித்தாலும், பேசும்போது முகமோ கழுத்தோ இறுகினாலும், பேசுவதைத் தவிர்க்க ஆரம்பித்தாலும், குடும்பத்தில் திக்குவாய் இருந்தாலும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

கத்திப் பாடிப் பாடிக் குரல் கரகரப்பாகிவிட்டது.

தண்ணீர் அடிக்கடி கொடுங்கள், எறும்புக் குரல் விளையாட்டை அதிகமாக்குங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குமேல் கரகரப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். மூச்சு விடும்போது சத்தம் வந்தால் உடனே பார்க்க வேண்டும்.

வீட்டில் தமிழும் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலமும். குழம்பிப்போய் இப்படிக் கலந்து பேசுகிறாளா?

கலந்து பேசுவது குழப்பத்தின் அடையாளம் இல்லை. எந்த மொழியில் சொல் கையில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறாள். இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் பாடவும் இயல்பாக வருமோ அதிலேயே பேசுங்கள். ஆங்கிலத்துக்காக வீட்டு மொழியை விட்டுவிடும்படி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

கைபேசியில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கிறானே?

இருப்பான், அந்த நேரத்தில் அவன் பேசுவதும் இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம் என்கிறது, இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம் என்கிறது. பாட்டுத்தான் வேண்டும் என்றால் திரை தெரியாமல் ஒலியை மட்டும் போடலாம். கண் சும்மா இருந்தால் கையும் காலும் ஆடும்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

இந்தப் பதிலை முழுதாகப் படியுங்கள். அதிகம் பேசுகிற குழந்தைக்குப் பிரச்சினையே இருக்காது என்று நினைத்துச் சில குடும்பங்கள் தாமதித்துவிடுகின்றன. எவ்வளவு பேசுகிறது என்பது போதாது, பேச்சு மற்றவரைத் தேடுகிறதா என்று பார்க்க வேண்டும். சில குழந்தை விளம்பர வரிகளையும் பாட்டுகளையும் எண்களையும் அப்படியே ஒப்பித்துக்கொண்டிருக்கும், ஆனால் "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "தண்ணி வேணுமா" என்றே திருப்பிச் சொல்லும். சொன்னதைத் திருப்பிச் சொல்வது இரண்டு வயதை ஒட்டிச் சகஜம். மூன்று வயதை நெருங்கியும் பேச்சில் பெரும்பகுதி அதுவாகவே இருந்தால் காட்ட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலிருப்பது, ஒன்றரை வயதிலும் எதையும் விரலால் சுட்டிக் காட்டாமலிருப்பது, நம் கண்ணைப் பார்க்காமலிருப்பது, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்க்காமலிருப்பது ஆகியவையும் அப்படியே.

இருந்த பேச்சு குறைந்தாலோ, கற்ற சொற்கள் காணாமல் போனாலோ எந்த வயதானாலும் காத்திருக்காதீர்கள். சளிக்குப்பின் நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவது, "ஆங்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, வழக்கத்தைவிடக் கத்திப் பேசுவது ஆகியவை அதன் அடையாளங்கள். எந்தச் சந்தேகம் இருந்தாலும் முதல் பரிசோதனை காதுக்குத்தான்.

அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013இலிருந்து நடக்கிறது. தேவைப்பட்டால் அதன் மூலம், வளர்ச்சிக் குறைகளைச் சிறு வயதிலேயே கவனிக்கும் மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், அங்கே கட்டணம் கிடையாது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்ற சமாதானத்தை நம்பி ஒரு வருடத்தைக் கடத்த வேண்டாம். பரிசோதித்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வரலாம்.

வீட்டில் ஓயாமல் பேசுகிறவள் பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்கிறார்கள்.

புது இடத்தில் சில வாரம் இப்படி இருப்பது இயல்பு. ஒரு மாதம் கடந்தும் யாரிடமும் வாயே திறக்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வற்புறுத்திப் பேசவைக்க வேண்டாம் என்று ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

எப்போது குறையும்?

தனக்குத் தானே சத்தமாகப் பேசுவது மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை உச்சத்தில் இருக்கும். பள்ளி வயதில் முணுமுணுப்பாகி, பிறகு உதட்டசைவாகி, உள்ளே போகும். நம்மிடம் பேசுவது குறைய வேண்டியதில்லை. மூன்று வயதை ஒட்டி "ஏன்?" என்ற கேள்வி தொடங்கும், அதற்குத் தெரிந்ததைச் சொல்லலாம், "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பியும் கேட்கலாம்.

பதிவு செய்து வைக்கலாமா?

அவசியம் செய்யுங்கள். காணொளி எடுக்கக் கைபேசியை நீட்டினால் குழந்தை விளையாட்டை விட்டுவிட்டு நம்மைப் பார்க்கும். ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கைபேசியை அலமாரிமேல் கவிழ்த்து வையுங்கள். கோப்பின் பெயரில் தேதியையும் வயதையும் போடுங்கள், இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். பேச்சில் சந்தேகம் வந்து மருத்துவரிடம் போனால் இந்தப் பதிவுகள் மிகவும் உதவும், ஏனென்றால் மருத்துவமனையில் குழந்தை வாய் திறக்காது. பொதுவெளியில் பதிவேற்ற வேண்டாம். வீட்டில் நடந்ததை எல்லாம் அது பாட்டாகப் பாடியிருக்கும், அதை ஊருக்குச் சொல்லச் சம்மதம் தரும் வயது அதற்கு இன்னும் வரவில்லை.